ரேனுவாரின் பிழையும் ட்ருபதூர்களின் மொழியும்

லத்தீனிலிருந்து கிளைத்த ரோமானிய மொழிகளுள் ஒன்றான ஒக்சிதான், பிரான்சின் தென்பகுதியில் வழங்கிவந்த மொழியாகும். 11ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி இரு நூற்றாண்டுகள் அம்மொழியில் பாட்டும் மெட்டும் அமைத்த கவிஞர்கள் ட்ருபதூர்கள் எனப்பட்டனர். அவர்களுள் பாடல் கிடைத்துள்ள மிகப் பழையவர் அக்கித்தேன் நாட்டை ஆண்ட ஒன்பதாம் கியோம் (1071–1126) ஆவார். ஏறத்தாழ 2,500 பாடல்கள் இன்று எஞ்சியிருப்பினும், மெட்டோடு கிடைப்பவை அவற்றுள் பத்தில் ஒரு பங்கே. பெண் கவிஞர்களின் பாடல்களில் தியா சீமாட்டியின் ஒன்று மட்டுமே மெட்டோடு வந்துள்ளது.

இப்பாடல்கள் பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் படியெடுக்கப்பட்ட தொகைச்சுவடிகளில் முடங்கிக் கிடந்தன. 18ஆம் நூற்றாண்டில் சேன்த்-பலே என்ற அறிஞர் பல சுவடிகளைப் படியெடுத்துச் சேர்த்தார். ஆயினும் அத்திரட்டிலிருந்து மில்லோ என்பவர் 1774இல் வெளியிட்ட நூல், பாடல்களைப் பிரெஞ்சு உரைநடையில் தந்ததே தவிர, மூலத்தைப் படிக்க விரும்பியவருக்கு உதவவில்லை. யாப்பே உயிராக அமைந்த கவிதையை உரைநடையாக்கினால் எஞ்சுவது என்ன? ட்ருபதூர் அர்னோ தனியேல் வகுத்த செஸ்தீனா வடிவத்தில், ஆறு அடிகளின் இறுதிச் சொற்களே ஆறு பத்திகளிலும் முறை மாறிச் சுழன்றுவரும். அந்நுட்பத்தைக் கருத்துரை எதுவும் காட்டிவிட முடியாது.

இக்குறையைத் தீர்த்தவர் பிரான்சுவா ரேனுவார் (1761–1836). தென்பிரான்சின் பிரிஞோல் ஊரில் பிறந்து, வழக்கறிஞராகித் தொழில் நடத்தி, பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் சிறைப்பட்டு மீண்ட அவர், 1805இல் மேடையேறிய 'தேவாலய வீரர்கள்' என்னும் நாடகத்தால் புகழ்பெற்றார். இன்று அந்நாடகத்தை நினைப்போர் அரிது. 1816 முதல் 1821 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ட்ருபதூர் பாடல் திரட்டே அவர் பெயரை நிறுத்தியுள்ளது.

அத்திரட்டில் அவர் தெளிவுபடுத்திய இலக்கண விதிகளுள் தலையாயது 'ஸ்' விதி. பழைய ஒக்சிதானில் ஆண்பாற் பெயர்கள் பல, ஒருமையில் எழுவாயாக நிற்கும்போது 'ஸ்' ஈறு பெறும். செயப்படுபொருளாக வரும்போது அதனை இழக்கும். பன்மையிலோ இம்முறை தலைகீழாகும். குதிரையைக் குறிக்கும் 'கவால்' என்ற சொல், ஒருமை எழுவாயாகும்போது 'கவால்ஸ்' என்று வருவது இதனாலேயே. இடைக்கால இலக்கண நூலொன்று இவ்விதியை முன்னரே கூறியிருந்தும் அது மறக்கப்பட்டிருந்தது. விதி அறியாதவருக்கு எழுதியவரின் தவறு போலத் தோன்றிய 'ஸ்' வேற்றுமை உருபு என்பது புலப்பட்டதும், சொற்கள் இடம் மாறி நிற்கும் அடிகளில் செய்தவர் யார், செயலுக்கு உள்ளானவர் யார் என்பது விளங்கலாயிற்று.

ஆயினும் அவருடைய பெருங்கொள்கை பிழையானது. லத்தீன் சிதைந்தபின் ஐரோப்பாவில் ஒரே பொதுமொழி நிலவியதென்றும், அதுவே ட்ருபதூர்களின் மொழியென்றும், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் முதலியன அதிலிருந்தே பிறந்தனவென்றும் அவர் கருதினார். பிறந்த மண்ணின் மீதுள்ள பற்று இம்முடிவில் சிறிது கலந்திருக்கக்கூடும். ஜெர்மானிய அறிஞர் ஆகுஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகல் 1818இலேயே இதனை மறுத்தார். கொள்கையின் குறையை ஒரு சான்றிலேயே காணலாம்: ஆண்டைக் குறிக்கும் லத்தீன் 'அன்னும்' இத்தாலியத்தில் 'அன்னோ' என ஈற்றுயிரோடு நிற்க, ஒக்சிதானில் 'அன்' எனக் குறுகியுள்ளது. தாயே இழந்துவிட்ட உயிரொலியை மகள் அவளிடமிருந்து பெற்றிருக்க இயலாது.

ஆனால் அக்கொள்கையின் பொருட்டு ரேனுவார் திரட்டிய சான்றுகள் அதனினும் நெடிது வாழ்ந்தன. 1818இல் யேனா நகரில் ஜெர்மானியக் கவிஞர் கதேயைச் சந்தித்த இளைஞர் பிரீட்ரிக் தீட்ஸ், கதேயின் சொல்கேட்டு ரேனுவாரின் நூல்களுக்குள் புகுந்தார். 1826இல் ட்ருபதூர் கவிதை பற்றியும், 1829இல் அக்கவிஞர்களின் வாழ்வும் படைப்பும் பற்றியும் எழுதினார். 1836இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய ரோமானிய மொழிகளின் இலக்கணம், அம்மொழிகளைத் தனித்தனியே லத்தீனுக்குப் பிறந்த உடன்பிறப்புகளாக நிறுவியது. ரோமானிய ஒப்பியல் துறை அதன்மேல் எழுந்தது.

ட்ருபதூர்களின் மொழிக்கு ரேனுவார் தொகுத்த ஆறு தொகுதி அகராதி, பெரும்பகுதி அவர் மறைவுக்குப் பின்னரே, 1838–1844இல் அச்சேறியது. அதில் விடுபட்ட சொற்களையும் பொருள்களையும் நிரப்ப 1894இல் எமில் லேவி என்ற அறிஞர் தொடங்கிய துணை அகராதி, 1917இல் அவர் இறந்தபின் கார்ல் அப்பெல்லால் முடிக்கப்பட்டு, 1924இல் எட்டுத் தொகுதிகளாக நிறைவுற்றது. துணைநூல் முதனூலினும் பெரிதாயிற்று. எனினும் ரேனுவார் சரியாகச் சொன்னவற்றை லேவி மீண்டும் எழுதாததால், பழைய ஒக்சிதான் கற்போர் இரண்டையும் அருகருகே வைத்தே புரட்டவேண்டியுள்ளது.