நிழலைக் கேட்டால் சூரியனைக் காட்டும் கால்குலேட்டர்

குயிலாப்பாளையத்தை அடுத்த ஆரோவில்லில், சோலார் கிச்சன் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. நல்ல வெயில் நாளில் ஆயிரம் பேர் வரை சமைக்கத் தேவையான நீராவியைத் தரவல்லது. கிண்ணம் அசையாது. வெயில் குவியும் இடம் மட்டும் சூரியனுக்கேற்ப மாறும். கொதிகலனும் கூடவே நகர்ந்தாக வேண்டும். அதற்கு ஒவ்வொரு கணமும் சூரியனின் கோணம் தெரிய வேண்டும்.

அந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்க ஒரு குச்சி போதும். 100 செ.மீ. குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் அடியை ஆதிப்புள்ளியாகக் கொள்ளுங்கள். கிழக்கும் வடக்கும் மிகை எண்; மேற்கும் தெற்கும் குறை எண். மார்ச் இரண்டாம் வாரத்தில், காலை பதினொரு மணி வாக்கில், நிழலின் நுனி ஏறக்குறைய மேற்கே 40, வடக்கே 30 செ.மீ. தள்ளி விழும். பிதாகரஸ் தேற்றப்படி நிழலின் நீளம் 50. குச்சியின் உயரத்தை நிழலின் நீளத்தால் வகுத்து டேன் இன்வர்ஸ் போட்டால், சூரியன் அடிவானத்திலிருந்து 63.4 டிகிரி உயரத்தில் நிற்பது தெரியும்.

திசையில்தான் சிக்கல். நிழல் நுனியின் ஆயத்தொலைவுகள் (−40, 30). 30-ஐ −40-ஆல் வகுத்தால் −0.75. கால்குலேட்டர் தரும் கோணம் −36.87 டிகிரி, அதாவது கிழக்கிலிருந்து தெற்கே சாய்ந்த திசை. ஆனால் நிழல் கிடப்பது மேற்கும் வடக்கும் சேர்ந்த பக்கம்! கேட்டது நிழலை, கிடைத்தது அதற்கு நேரெதிரே நிற்கும் சூரியன். கணக்கு தப்பவில்லை. −30-ஐ 40-ஆல் வகுத்தாலும் அதே −0.75 தானே? வகுத்த மாத்திரத்தில் எந்த எண் குறை எண் என்ற செய்தி அழிந்துபோகிறது. டேன் இன்வர்ஸோ −90-க்கும் 90-க்கும் இடைப்பட்ட முதன்மை மதிப்பை மட்டுமே சொல்லும். கிழக்கு-மேற்கு எண் குறை எண்ணாக இருந்தால் 180-ஐக் கூட்ட வேண்டும்: 143.13 டிகிரி. அதுதான் நிழலின் திசை.

நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டும் இங்கே தப்ப முடியாது. இந்த ஊர் 12 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏறத்தாழ ஏப்ரல் 22 முதல் ஆகஸ்ட் 20 வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். ஆகவே கணினி நிரல்களில் ‘ஏடேன்2’ என்ற சார்பைப் பயன்படுத்துகிறார்கள். அது இரண்டு எண்களையும் வகுக்காமல் தனித்தனியே வாங்கி, குறிகளைப் பார்த்துக் கால்பகுதியைத் தீர்மானிக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் நேர்மாறு முக்கோணவியல் படிக்கும் மாணவர்கள் முதன்மை மதிப்பின் வீச்சை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. ஆசிரியர்களே, ஒரு முற்பகலில் அவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்று ஒரு குச்சியை நட்டுக் காட்டுங்கள். புள்ளியை வரைந்து, அது எந்தக் கால்பகுதி என்று பார்த்த பிறகே கால்குலேட்டரைத் தொடச் சொல்லுங்கள்.