தலைமாற்றிய பாஸ்போட்டும் ஜக்காலும்

லட்லமின் நாவலைத் தலைப்பிலேயே இனங்காணலாம்: பெரும்பாலும் ஒரு பெயர், பின்னால் ஒரு கனத்த சொல். உள்ளே உலகளாவிய சதி, அதில் அகப்பட்ட தனியொருவன். 1980இல் வந்த 'த போர்ன் ஐடென்ரிற்றி'யில் அவனுக்குத் தன் பெயரே நினைவில்லை.

போர்சைத் வேறு ரகம். 1971இன் 'த டே ஒஃப் த ஜக்கால்' நாவலில் டு கோல் சாகமாட்டார் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை. 'எப்படிச் செய்கிறான்' என்பதில் நம்மைக் கட்டிப்போடுகிறார். இறந்த குழந்தையொன்றின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு அவன் பாஸ்போட் எடுக்கும் பகுதி, என்னைப் பொறுத்தவரை, லட்லமின் சதிகள் அத்தனையையும் விஞ்சியது.

பாத்திரங்களோ இருவரிடமும் வெறும் அட்டைதான். பொய்ப்பெயரில் எல்லை கடப்பது அங்கே கெட்டிக்காரத்தனம். தலைமாற்றிய பாஸ்போட்டில் வந்த நம்மவரிடம் கேளுங்கள்: அதிகாரி தாளைப் புரட்டும் அந்த இரண்டு நிமிடத்தை எப்படிக் கடந்தார்கள் என்று. ஜக்காலுக்கு வியர்ப்பதே இல்லை.