தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு



புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் அமைந்திருக்கிறது எங்கள் ரெட்டியார்பாளையம். முன்னெல்லாம் கார் என்றால் நம் கண்முன் வந்து நின்றது அம்பாசிடர்தான். 2014இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. இன்று நம் தெருக்களில் நிற்பவற்றுள் பல, தரையோடு தரையாகத் தாழ்ந்த கார்கள். வேகத்தடையைக் கடந்தாலே அவற்றின் அடிவயிறு உரசும். ஆயில் மாற்றுவது போன்ற சிறு வேலைகளை வீட்டிலேயே செய்துகொண்டால் செலவு மிச்சமாகுமே என்று பலர் எண்ணுகின்றனர். எண்ணம் நல்லதுதான். ஆனால், செய்யும் முறை தெரியாவிட்டால் மிச்சப்படுத்திய பணத்துக்கு ஈடாக உயிரையே கொடுக்க நேரிடும்.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒரு விடுமுறை நாள். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி தம் காரை ஜாக்கியால் தூக்கி, அதன் ஓரத்தில் ஒரு ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் படுத்திருந்தார். நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “ஹஜ்ரத், அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரைக் கொடுங்கள்” என்றார். கலைப் பட்டதாரியாகிய எனக்கு அது எது என்று விளங்கவில்லை. இரண்டு முறை தவறானதை நீட்டினேன். மூன்றாம் முறை அவரே எழுந்து வெளியே வந்தார். அவர் ஸ்பானரைத் தேடிக்கொண்டிருக்கையில், ஈர மண்ணில் ஜாக்கி சாய்ந்தது. கல் நொறுங்கியது. கார் தரைக்கு இறங்கியது. அவர் மார்பு இருந்த இடத்தில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

அன்று மாலையே இருவரும் மூலக்குளத்தில் ஒரு முதிய மெக்கானிக்கைத் தேடிச் சென்றோம். அவர் விளக்கியவற்றையும், காரின் கையேட்டில் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, இடம். சமமான, கெட்டியான சிமெண்டுத் தரை வேண்டும். மண்ணிலும் சரிவிலும் காரைத் தூக்கலாகாது. நடுத்தரக் கார் ஒன்று சுமார் 1,100 கிலோ எடையுள்ளது. அதன் ஒரு மூலையில் மட்டும் ஏறத்தாழ 300 கிலோ இறங்கும். அவ்வளவு எடையும் ஜாக்கியின் சிறிய அடித்தட்டின் வழியே மண்ணை அழுத்தினால் மண் எப்படித் தாங்கும்?

இரண்டாவது, முட்டுக்கட்டை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்புறத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிரேக்கால் பயனில்லை. முன் சக்கரங்களால் ஓடும் காரின் முன்புறத்தைத் தூக்கினால் கியரில் போட்டும் பயனில்லை. ஆகவே ஹேண்ட் பிரேக்கையும் போட்டு, கியரிலும் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை நெருக்கி வையுங்கள். பிறர் காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுவது தீது. இங்கே மட்டும் அதுவே நன்மை!

மூன்றாவது, தாழ்ந்த காரின் தனிச்சிக்கல். சாதாரண டிராலி ஜாக்கி இறங்கிய நிலையிலேயே சுமார் 13 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். தாழ்ந்த காரின் அடியில் அது நுழையாது. நுழைந்தாலும் கைப்பிடியை ஆட்ட இடமிராது. இதற்கு வழிகள் இரண்டு. 8 சென்டிமீட்டர் அளவுக்குத் தாழும் ஜாக்கிகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கலாம். அல்லது, சக்கரத்தைவிட அகலமான, 4 அல்லது 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள கெட்டிப் பலகைகளைத் தரையில் பரப்பி, அவற்றின் மீது காரை மெல்ல ஏற்றி நிறுத்தலாம். பலகையின் முனையைச் சரிவாகச் செதுக்கிவிட்டால் பம்பர் இடிக்காது. கார் உயர்ந்துவிடும், ஜாக்கியும் உள்ளே போகும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் கூடவே கூடா. மரம் அமுங்கும்போது பெரும்பாலும் ஓசை எழுப்பி எச்சரிக்கும். கல்லோ சொல்லாமல் உடையும்.

நான்காவது, தூக்கும் புள்ளி. காரின் எந்த இடத்தில் ஜாக்கி வைக்க வேண்டும் என்பது கையேட்டில் படத்துடன் இருக்கும். ஆயில் சம்ப்பின் அடியில் ஒருபோதும் வைக்காதீர்கள். மின்சாரக் கார்களில் பேட்டரி தரைத்தட்டிலேயே இருப்பதால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. முன்புறத்தின் நடுவே கையேடு அனுமதிக்கும் புள்ளியில் ஜாக்கியை வைத்துத் தூக்கினால், இரு ஓரப் புள்ளிகளிலும் ஸ்டாண்டுகளை வைக்க வசதியாகும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் தலையாயது. ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து அது இறங்கிவிடும். காருடன் வரும் சிறிய ஜாக்கியோ சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே தரப்படுவது. எனவே எடை முழுவதையும் இரு ஸ்டாண்டுகளின் மீது இறக்கிய பிறகு, காரைப் பக்கவாட்டில் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

ஸ்டாண்டையும் முழுமையாக நம்பிவிட வேண்டாம். 2020இல் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரெய்ட் நிறுவனம், பற்களின் பிடி நழுவி இறங்கக்கூடும் என்பதால், தான் விற்ற பல இலட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆகவே ஸ்டெப்னி சக்கரத்தைக் காரின் ஓரத்தின் அடியில் படுக்க வைத்துவிடுங்கள். எல்லாம் தவறினாலும் மனிதன் நசுங்காத அளவு இடம் எஞ்சும்.

தனியாக இருக்கும்போது இவ்வேலையில் இறங்காதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள். கூலி கொடுப்பதில் நட்டமில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி இப்போது இரு ஸ்டாண்டுகளும் நான்கு பலகைகளும் வாங்கி வைத்திருக்கிறார். அவர் அடியில் படுக்கும் முன் காரை அசைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. பதினாலாம் நம்பர் ஸ்பானர் எது என்பதையும் கற்றுக்கொண்டேன். அன்று என் அறியாமை ஓர் உயிரைக் காத்தது. மறுமுறையும் காக்கும் என்று எண்ணி எவரும் காரின் அடியில் படுக்கலாமா? சிந்தியுங்கள்.