பண்டிகை வியாபாரமும் கைத்தொலைபேசிக் கள்வரும்

தீபாவளி நெருங்கினால் தோட்டத்திலும் தாமானிலும் நம் தாய்மார் பலர் பலகாரம் சுட்டு விற்று, பிள்ளைகளின் புத்தாடைக்கு வழி தேடுகிறார்கள். அந்த நேரத்து அவசரத்தைத்தான் கள்வன் எதிர்பார்த்திருக்கிறான்.

“100 பொட்டலம் முறுக்கு வேண்டும், விவரம் இதில் இருக்கிறது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். அதன் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் தொடாதீர்கள். அது விவரத் தாளன்று. கைத்தொலைபேசிக்குள் புகும் செயலி. அதற்கு அனுமதி கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணைக் கள்வன் படித்து, கணக்கையே காலி செய்துவிடக்கூடும்.

பணம் கட்டியதாகக் காட்டும் இரசீதுப் படத்தையும் நம்பிவிடாதீர்கள். அதைப் போலியாகச் செய்யலாம். நம் கணக்கில் பணம் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே பலகாரத்தைக் கொடுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்கோ, மலேசியாவில் 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கோ பேசுங்கள். காவல் நிலையத்திலும் புகார் செய்யுங்கள். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு.

எண்ணெய்ச் சட்டி முன் நின்றுகொண்டு எந்தச் செய்திக்கும் பதில் அனுப்பாதீர்கள். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, நிதானமாகப் பாருங்கள்.