மாதிரி ஹெலிகாப்டரின் வேகக் காவலன்

வேகத்தைப் பெருக்குவது எளிது. பெருக்கிய வேகத்தை ஒரே நிலையில் நிறுத்துவதே அரிது. நீராவி யந்திரம் வழக்கிற்கு வந்த காலத்திலேயே அறிஞர்கள் இதனை உணர்ந்தனர். 1788-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட், சுழலும் இரு உலோகக் குண்டுகள் விரிந்து ஒடுங்குவதைக் கொண்டே நீராவியின் வரத்தைக் குறைக்கவும் கூட்டவும் வழி செய்தார். அக்கருவி 'கவர்னர்' எனப் பெயர் பெற்றது. அதன் வழித்தோன்றலாகிய ஒரு சிறு மின்கருவி, வானொலி அலைகளால் இயக்கப்படும் பெட்ரோல் மாதிரி ஹெலிகாப்டர்களில் இன்று பணிபுரிகின்றது. அதற்குக் கண்போன்ற உணரியை எஞ்சினில் பொருத்தும் முறையை ஈண்டு விளக்குவோம்.

ஹெலிகாப்டரைத் தாங்குவது அதன் மேலுள்ள சுழலி. இறக்கைகளின் சாய்வைக் கூட்டினால் ஊர்தி மேலெழும். ஆனால் எஞ்சினின் சுமையும் உடன் பெருகி, சுழற்சி தளரும். சாய்வைக் குறைத்தாலோ சுமை நீங்கிச் சுழற்சி மிகும். ஓட்டுபவர் கையாலேயே இதனை நொடிதோறும் சரிசெய்வது இயலாத காரியம். கவர்னர் எஞ்சினின் சுற்றுகளை எண்ணுகின்றது, குறித்த அளவுக்குக் குறைந்தால் கார்புரேட்டரின் வாயிலைத் திறக்கின்றது, மிகுந்தால் மூடுகின்றது.

எண்ணுவது எவ்வாறு? 1879-இல் எட்வின் ஹால் என்னும் அமெரிக்க அறிஞர், மின்னோட்டம் பாயும் தகட்டின் அருகே காந்தம் வந்தால் தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டறிந்தார். அவர் பெயரால் வழங்கும் உணரியே இங்குப் பயன்படுகின்றது. சுழலும் பாகமொன்றில் சிறு காந்தத்தைப் பதித்து, அதற்கெதிரே உணரியை அசையாமல் நிறுத்துகின்றனர். காந்தம் கடக்குந்தோறும் ஒரு மின்துடிப்பு. ஒரு துடிப்பு ஒரு சுற்று.

இனி, இடத்தைத் தேர்வோம். எஞ்சின் நிமிடத்திற்கு 12,000 சுற்றும், பற்சக்கரங்களால் எட்டில் ஒரு பங்காகக் குறைந்து சுழலி 1,500 சுற்றும் சுழல்வதாகக் கொள்வோம். உணரி எஞ்சின் பக்கத்தில் இருந்தால் நொடிக்கு 200 செய்திகள் கிட்டும். சுழலியின் பெரிய பற்சக்கரத்தில் இருந்தால் 25 செய்திகளே கிட்டும். விரைந்து செயற்பட வேண்டிய கருவிக்கு முன்னதே உகந்தது. எனவே குளிர்விக்கும் விசிறியின் குடத்திலோ கிளட்சின் அருகிலோ காந்தத்தைப் பதிப்பர்.

பெட்ரோல் எஞ்சினில் இங்கு ஓர் இடர் உண்டு. 23 முதல் 26 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் தீப்பொறியை உண்டாக்குவது மாக்னெட்டோ. அதன் பொருட்டு பிளைவீலிலேயே வலிய காந்தங்கள் அமைந்துள்ளன. உணரி அவற்றிற்கு அணுக்கமாக இருப்பின் அவற்றையும் சேர்த்து எண்ணிவிடும். ஒரு சுற்றை இரண்டென எண்ணிய கவர்னர், வேகம் இருமடங்காயிற்று என மயங்கி வாயிலை மூடும். பறக்கும் ஊர்தி வலுவிழந்து கீழே விழும். துடிப்புகள் தவறினாலோ, வேகம் குறைந்ததென எண்ணி வாயிலை முழுதும் திறந்துவிடும்.

பின்னது எத்துணைக் கொடிது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 200 கிராம் எடையுள்ள ஓர் இறக்கையின் எடைமையம், அச்சிலிருந்து 45 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், 1,500 சுற்றில் அதனை வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 225 கிலோ எடைக்குச் சமம். வேகம் ஐந்தில் ஒரு பங்கு மிகுந்தால் அவ்விசை சுமார் 325 கிலோவாகும். இறக்கை பிடிப்பு விட்டு வீசப்படுமாயின் அருகிருப்போரின் உயிருக்கே ஆபத்து. விளையாட்டு யந்திரம் என்று இதனை எளிதாக எண்ணலாகாது.

காந்தத்தைப் பதிப்பதிலும் கருத்து வேண்டும். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே எடையுள்ள காந்தமாயினும், அச்சிலிருந்து 25 மில்லிமீட்டர் தொலைவில் 12,000 சுற்றில் சுழலும்போது, சுமார் 400 கிராம் எடைக்கு நிகரான விசையுடன் வெளியேற முயலும். ஆதலால் அதனை மேற்பரப்பில் வெறுமனே ஒட்டுதல் தகாது. துளையிட்டு, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, எபாக்சி பசையிட்டு உள்ளே பதித்தல் வேண்டும். சமநிலை கெடாதிருக்க நேரெதிரே இன்னொரு காந்தத்தைத் துருவம் மாற்றிப் பதிக்கலாம்; ஒரு துருவத்தை மட்டும் அறியும் உணரி அதனை எண்ணாது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியசுக்கு மேல் வலிமை இழக்கும். புகைபோக்கியின் வெப்பம் அதனை அணுகாதிருத்தல் நலம்.

உணரியைத் தாங்கும் தகடு வளையாத உலோகமாயிருக்கட்டும். காந்தத்திற்கும் உணரிக்கும் இடைவெளி பொதுவாக ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் போதும். கருவியுடன் வரும் குறிப்பே முடிவானது. திருகாணிகள் அதிர்வில் தளராதிருக்க அவற்றிற்குரிய பசையிடுக. உணரியின் கம்பியைத் தீப்பொறிக் கம்பியுடன் சேர்த்துக் கட்டலாகாது. குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கவிடுக.

பொருத்தியபின் உடனே பறக்கவிட வேண்டா. தீப்பொறியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். கருவியின் சிறு விளக்கு சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே ஒளிர வேண்டும். இருமுறை ஒளிர்ந்தால் உணரியை பிளைவீலிலிருந்து விலக்குக. பிறகு, போதிய தொலைவில் நின்று எஞ்சினை இயக்கி, தனியானதொரு சுற்றுமானியுடன் ஒப்பிடுக. உணரி பழுதுற்றால் கருவி என்ன செய்யும் என்பதையும் முன்னரே குறிப்பேட்டில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

தில்லியிலும் பூனாவிலும் பிற நகர்களிலும் வாழும் தமிழன்பர்களின் பிள்ளைகள் பலர், கல்லூரிகளில் இத்தகைய ஊர்திகளில் ஆர்வம் காட்டலாம். அவர்களைத் தடுக்க வேண்டுவதில்லை, வழிப்படுத்தினால் போதும். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் மாதிரி வானூர்திகளையும் கருத்திற் கொண்டுள்ளன. பறக்கவிடும் இடத்திற்குரிய கட்டுப்பாட்டை அறிந்தபின்னரே களத்திற்குச் செல்க. மக்கள் கூடுமிடத்தை விலக்குக. கடுகளவு காந்தத்தின் மேல் செலுத்தும் கவனம் ஓர் உயிரைக் காக்கும் என்பதை இளைஞர்கள் உணர்வார்களாயின், பொறியியலின் முதற்பாடத்தை அவர்கள் கற்றுவிட்டார்கள் எனலாம்.