மருந்து உண்டு, வழி உண்டா?

பிணி தீர மருந்து மட்டும் போதாது. அம்மருந்து பிணியாளரிடம் போய்ச் சேரவும் வேண்டும். இடையில் நிற்கும் தடைகளை எண்ணிக் கணக்கிட்டுக் காட்டுபவர் நோய்ப் பரவலியல் அறிஞர். எச்.ஐ.வி. நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மேற்பார்வையில், நிர்மலா என்னும் மாணவி பாலியல் தொழிலாளர் சிலரின் இரத்தத்தைச் சேகரித்தார். வேலூரில் நடந்த சோதனையில் இந்தியாவிலும் இக்கிருமி உண்டென்பது வெளிப்பட்டது. 1993-இல் சுனிதி சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் மையத்தை நிறுவினார். பிறர் தொட அஞ்சிய நோயாளருக்கு அங்கே கதவு திறந்திருந்தது.

அவர் மகன் சுனில் சாலமன், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து நோய்ப் பரவலியல் அறிஞர். போதை ஊசி ஏற்றிக்கொள்வோரும், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் சிகிச்சைக்கு வரத் தயங்குவதேன் என்பது அவர் குழுவினரின் ஆராய்ச்சி. இந்தியாவின் 22 நகரங்களை எடுத்துக்கொண்டனர். 11 நகரங்களில் சோதனை, ஆலோசனை, சிகிச்சைக்கு வழிகாட்டல் யாவும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கச் செய்தனர். ஏனைய 11 நகரங்களில் பழைய முறையே தொடர்ந்தது. முடிவு 2019-இல் வெளியாயிற்று. நிலையத்துக்கு வந்தவருள் சோதனை செய்துகொண்டோர் மிகுதி. ஆயினும் நகர் முழுவதையும் ஒப்பிட்டபோது உறுதியான வேறுபாடு புலப்படவில்லை. வாசல்வரை வராதவருக்கு எத்துணை நல்ல நிலையமும் இல்லாததற்குச் சமமே.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். மலேசியாவில் தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் ஊசி வழியே பரவியது. 2005-இல் மெத்தடோன் சிகிச்சையும், 2006-இல் ஊசி மாற்றுத் திட்டமும் தொடங்கிய பின் அவ்வழிப் பரவல் பெரிதும் தணிந்தது. இன்று புதிய தொற்றுகளில் பெரும்பாலானவை உடலுறவு வழியே ஏற்படுபவை.

சிலிம் ரிவரில் அரசாங்க மருத்துவமனை உண்டு. ஆனால் தொலைவிலுள்ள தோட்டத்திலிருந்து வரும் ஒருவர் பயணச் செலவையும் ஒரு நாள் கூலியையும் இழக்க நேரலாம். அதனினும் கொடியது, தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்னும் அச்சம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் அவ்வச்சம் இரட்டிப்பாகும்.

பயணச் செலவைக் குறைப்பது அரசின் கடமை. அச்சத்தைக் குறைப்பது நம் கடமை. நாள் தவறாது மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலையில் உள்ளவரிடமிருந்து உடலுறவால் இந்நோய் பரவுவதில்லை. இவ்வுண்மையை வகுப்பறையில் ஓர் ஆசிரியர் கூசாமல் எடுத்துரைப்பாராயின், மருத்துவமனைக்குப் போகும் வழி அன்றே சற்றுக் குறுகிவிடும்.