தொழிலே தொண்டு

தில்லையில் வாழ்ந்த குயவர் திருநீலகண்ட நாயனார். அடியார்களுக்குத் திருவோடு அளிப்பதே அவருடைய தொண்டு. பெரும்பொருள் தேடிக் கொடுத்தவர் அல்லர். தம் கைத்தொழிலில் விளைந்ததையே கொடுத்தார். அவரும் மனைவியாரும் முதுமையுற்றுத் தளர்ந்தபோது, சிவயோகியாராக வந்த இறைவன் திருக்குளத்தில் மூழ்கச் செய்து மீண்டும் இளமை அருளினான். சிதம்பரம் இளமையாக்கினார் கோயில் இன்றும் அதனை நினைவூட்டுகிறது.

கடலூர் மாவட்டம் வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் பசி தீர்க்கிறது. எனினும் முதியோர் தேவை உணவோடு முடிவதில்லை.

மத்திய அரசு ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று அளித்தல் வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். விரல்ரேகை தேய்ந்த பெரியவர் கருவியின் முன் தவிக்கையில், முகப்பதிவு வழியாகவும் சான்றளிக்கலாம் என்று கூறிக் கைப்பேசியில் முடித்துத் தரும் வங்கி ஊழியர் செய்வதும் திருவோடு ஈந்த தொண்டே. பணி முடிந்தபின் தம் தெருவில் தனித்து வாழும் மூதாட்டியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துச் செல்லும் செவிலியரும் அவ்வழியினரே.

இவ்வுதவியை ஏற்கப் பெரியோர் கூச வேண்டுவதில்லை. உழைத்துத் தளர்ந்தவர்க்கு இன்று உழைப்போர் செய்வது கடன்; அதுவே சிவத்தொண்டு.